இரும்புக்கை, மரப்பாவை, நான்

ஆண்ட்ராய்டு என்ற சொல் செல்போனுக்குப் போய்ச் சேர்வதற்கு வெகுகாலம் முன்பே புழக்கத்தில் இருந்தது. கிரேக்க மூலத்தில் அதற்கு ஆள் உருக்கொண்டது என்று பொருள். ரோபோ என்ற சொல் இளையது. செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920இல் எழுதிய 'ஆர்.யூ.ஆர்.' நாடகத்தில் பிறந்தது. செக் மொழியில் ரோபோத்தா என்றால் பண்ணையாள் கூலியில்லாமல் செய்து கொடுக்க வேண்டிய வேலை. தமிழில் வெட்டி வேலை என்கிறோமே, கிட்டத்தட்ட அது. முதல் சொல் உருவத்தைப் பார்த்து வைத்தது, இரண்டாவது உழைப்பைப் பார்த்து வைத்தது. இயந்திர மனிதர் கதைகள் நூறாண்டுகளாக இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஊசலாடுகின்றன. நம்மைப் போல இருப்பதால் அது நம்மவரா, நமக்கு வேலை செய்வதால் வெறும் ஆளா என்பதே அவற்றின் தீராத வழக்கு.

இந்த வழக்கு நாவலைவிடப் படக்கதைக்கு நன்றாகப் பொருந்தியது. நாவலாசிரியர் தன் பாத்திரம் இயந்திரம் என்பதைக் கடைசிப் பக்கம்வரை மறைத்து வைக்கலாம். ஓவியர் முதல் கட்டத்திலேயே முகம் வரைந்தாக வேண்டும். அந்த முகத்தில் திருகாணி தெரிய வேண்டுமா, தசை தெரிய வேண்டுமா என்பதை அப்போதே முடிவு செய்தாக வேண்டும். 1939இல் வெளிவந்த 'மார்வெல் காமிக்ஸ்' முதல் இதழில் கார்ல் பர்கோஸ் படைத்த ஹ்யூமன் டார்ச்சின் பெயரிலேயே மனிதன் இருந்தான்; ஆளோ ஃபினியஸ் ஹார்ட்டன் என்ற கற்பனை விஞ்ஞானி செய்த ஆண்ட்ராய்டு, காற்றுப் பட்டால் தீப்பற்றிக்கொள்ளும். 1950களின் தொடக்கத்தில் உலகின் இரு மூலைகளில் இரண்டு இயந்திரங்கள் பிறந்தன. ஜப்பானில் ஒசாமு தெசுகா 'ஆட்டம்' என்ற சிறுவனை வரைந்தார். பிற்பாடு ஆஸ்ட்ரோ பாய் என்று உலகம் அறிந்தது அவனைத்தான். இங்கிலாந்தில் 'லயன்' வார இதழில் ஆர்ச்சி வந்தான். ஆட்டம் முழுக்கச் சிறுவன் போலவே இருந்தான். ஆர்ச்சியைப் பார்த்து யாரும் மனிதன் என்று ஏமாற முடியாது.

தமிழ்நாட்டுக்கு இந்த உலகம் சிவகாசி வழியாக வந்தது. 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது. ஆர்ச்சி அதில்தான் தமிழ் பேசத் தொடங்கினான். வாசகர்கள் அவனுக்குச் சட்டித்தலையன் என்று பெயர் வைத்தார்கள். சட்டியைக் கவிழ்த்தது போன்ற தலை, அகன்ற இரும்பு மார்பு, நடந்தால் தரை அதிரும் கால். ஆங்கில மூலத்தில் ஆர்ச்சி முதலில் தானாக எதுவும் செய்யவில்லை. டெட், கென் என்ற இரண்டு இளைஞர்கள் கையிலிருந்த பெட்டியின் பொத்தான்களை அழுத்தினால் நடந்தான், அடித்தான், நின்றான். 1960களின் நடுவில் அவனுக்குச் சொந்த மூளையும் குரலும் பொருத்தப்பட்டன. குரல் வந்ததும் கூடவே தற்பெருமையும் வந்தது. தன் பலத்தையும் தன் அறிவையும் பற்றி ஆர்ச்சி அடித்துக்கொள்ளும் தம்பட்டம் சிறுவர்களைச் சிரிக்க வைத்தது. பொத்தானுக்கு ஆடிய பொம்மைக்கும் தம்பட்டம் அடிக்கிற ஆர்ச்சிக்கும் நடுவில் என்ன நடந்தது என்பது, பார்க்கப்போனால், தத்துவம் படித்தவர்களைத் திணறடிக்கிற கேள்வி.

இரும்புக்கை மாயாவி இதற்கு நேர் எதிரான விஷயம். மாயாவியான லூயிஸ் கிராண்டல் இயந்திரம் இல்லை, ஆய்வுக்கூட உதவியாளன். விபத்தில் வலது கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்டவன். உயர் அழுத்த மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் முழுவதும் மறைந்துவிடும். எஃகுக் கை மட்டும் மறையாது. ஜீஸஸ் பிளாஸ்கோவின் கறுப்பு வெள்ளைச் சித்திரத்தில் அந்தக் கை அந்தரத்தில் தொங்கிக் கதவைத் திறக்கும், தொலைபேசியை எடுக்கும். மனிதனாகப் பிறந்த பகுதியெல்லாம் காணாமல் போக, இயந்திரமான பகுதி மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. அவன் எங்கே இருக்கிறான் என்பதற்கு அவனாக இல்லாத ஒன்றே அடையாளம். மூலத்தில் 'எஃகு நகம்' என்ற அளவில் நின்றுவிட்ட தலைப்பைத் தமிழ்ப்படுத்தியவர் மாயாவி என்ற சொல்லைச் சேர்த்தார். எதை நினைத்துச் சேர்த்தாரோ, அந்தச் சொல்லுக்குள் மாயை இருக்கிறது.

தமிழில் இந்த விசாரணை காமிக்ஸோடு தொடங்கவில்லை. திருக்குறளின் குடியியலில் பண்புடைமை முதல் கயமை வரையான ஒன்பது அதிகாரங்களுக்குள் ஐந்து இடங்களில் வள்ளுவர் ஆள்போலி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். உறுப்புகள் ஒத்திருப்பது மனித ஒப்பு ஆகாது என்று பண்புடைமையில் ஓரிடத்தில் சொல்கிறார். ஆண்ட்ராய்டு என்ற கிரேக்கச் சொல்லுக்கு இதைவிடச் சுருக்கமான மறுப்பு கிடைக்காது. அரத்தைப் போலக் கூர்மையான அறிவிருந்தும் மக்கட்பண்பு இல்லாதவர் மரம் என்கிறார் அதே அதிகாரத்தில். கயவர் அச்சு அசலாக மனிதரைப் போலவே இருப்பார்கள், அப்படியொரு ஒப்புமையை வேறெங்கும் கண்டதில்லை என்று கயமையைத் தொடங்கும்போது கேலி செய்கிறார். மரப்பாவை இரண்டு முறை வருகிறது. நாணம் இல்லாதவரின் நடமாட்டம் கயிற்றால் ஆடும் பொம்மை உயிருள்ளது போல மயக்குவது என்பது ஒன்று. இரப்பவர் இல்லாவிட்டால் உலகமே மரப்பாவைகள் போய்வருவது போல ஆகிவிடும் என்பது மற்றொன்று. இரண்டாவது உவமை அதிகம் பேசப்படாதது, ஆனால் கூர்மையானது. தேவையே இல்லாத மனிதர்கள் மட்டும் நடமாடும் உலகில் கொடுப்பதற்கு யாரும் இல்லை. அங்கே அசைவு உண்டு, உயிர் இல்லை.

நாணத்தைப் பற்றிய முதல் உவமையை 'எந்திரன்' (2010) படம் அறிந்தோ அறியாமலோ ஒரு காட்சியாக்கியது. தீப்பிடித்த கட்டடத்திலிருந்து குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைச் சிட்டி என்ற இயந்திர மனிதன் அப்படியே தூக்கி வந்து எல்லோர் முன்பும் நிறுத்துகிறது. உயிர் காப்பாற்றப்பட்டது, அவள் வெட்கத்தில் ஓடி வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். அதற்குப் பிறகுதான் சிட்டிக்கு உணர்ச்சி கற்பிக்க வேண்டும் என்று அதைச் செய்த விஞ்ஞானி வசீகரன் முடிவு செய்கிறான். இயந்திரத்துக்கும் மனிதருக்கும் இடையில் அந்தப் படம் கண்ட முதல் விரிசல் நாணம். வள்ளுவர் பாவையை நிறுத்திய அதே அதிகாரம்.

சிலப்பதிகாரம் காட்டும் பாவை இன்னும் விசித்திரமானது. இந்திர விழவூரெடுத்த காதையில் புகாரின் ஐந்து மன்றங்களில் ஒன்று பாவை மன்றம். அரசன் நீதி தவறினால் அங்குள்ள பாவை வாய் திறந்து எதுவும் சொல்லாது, கண்ணீர் மட்டும் விடும். 1968இல் மார்வெலின் 'அவெஞ்சர்ஸ்' 57ஆம் இதழில் ராய் தாமஸும் ஜான் புஸ்செமாவும் விஷன் என்ற செயற்கை மனிதனை அறிமுகம் செய்தார்கள். அடுத்த இதழின் தலைப்பே ஆண்ட்ராய்டும் அழும் என்பதுதான். வீரர்களின் குழுவில் தன்னைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று தெரிந்ததும் விஷன் ஒதுங்கிப் போய்க் கண்ணீர் விடுகிறது. அமெரிக்க வாசகர்கள் அந்தக் கண்ணீரை உள்ளே ஓர் ஆள் இருப்பதற்கான சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். புகாரின் பாவை அழுததை யாரும் அப்படி எடுத்துக்கொண்டதாக இளங்கோ சொல்லவில்லை. அந்தக் கண்ணீர் பாவையைப் பற்றியது அன்று, அரசனைப் பற்றியது. ஒரே கண்ணீர், இரண்டு வாசிப்பு.

மனிதன் என்பவன் யார் என்ற கேள்வியைத் தென்னிந்தியாவில் நூறாண்டுகளாக விடாமல் கேட்டுவரும் இடங்களில் ஒன்று நீலகிரியில் இருக்கிறது. மைசூர் மன்னரின் கோடை அரண்மனையால் பெயர்பெற்ற பெர்ன்ஹில்லில் இருக்கும் அது, நடராஜ குரு 1923இல் தொடங்கிய நாராயண குருகுலம். அவர் ஈழவர் உரிமைக்காகப் போராடிய டாக்டர் பல்புவின் மகன், சாதியை மறுத்த கேரளத் துறவி நாராயண குருவின் மாணவர். பிறகு பாரிஸ் சோர்போன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அத்வைதத்தை ஓர் அறிவியலாக முறைப்படுத்துவதே அவர் வாழ்நாள் வேலை. அவருக்குப் பின் குருவான நித்ய சைதன்ய யதி பல ஆண்டுகள் பெர்ன்ஹில்லில் வாழ்ந்து 1999 மே மாதம் அங்கேயே மறைந்தார், சமாதியும் அங்கேதான். அறிவியல் புனைகதைக்கும் இந்த மலைக்கும் நேரடித் தொடர்பும் உண்டு. யதியின் மாணவரான ஜெயமோகன்தான் 'விசும்பு' என்ற அறிவியல் சிறுகதைத் தொகுப்பை எழுதியவர். பிரித்துப் போடப்பட்ட சிட்டியை மறுபடி பூட்டி எழுப்பிய '2.0' (2018) படத்துக்கு இயக்குநர் ஷங்கருடன் சேர்ந்து வசனம் எழுதியவரும் அவரே.

குருகுலத்தின் மூலநூல்கள் நாராயண குருவுடையவை. அவற்றில் மனிதனுக்கு மூன்று அளவுகோல்கள் இருக்கின்றன. மூன்றும் ஒன்றையே அளப்பதாகத்தான் வழக்கமாகப் படிக்கப்படுகின்றன. சாதி பற்றிய பாடல்களில் உள்ளது முதல் அளவுகோல். பசுவுக்குப் பசுத்தன்மை எப்படியோ அப்படி மனிதருக்கு மனிதத்தன்மைதான் சாதி என்கிறது 'ஜாதி மீமாம்சை'. 'ஜாதி லக்ஷணம்' இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. கூடிப் பெறுவதெல்லாம் ஓர் இனம். கூடாதது அந்த இனமில்லை. இதில் அருள்வாக்கின் மர்மம் எதுவும் இல்லை, உயிரியல்தான். எர்ன்ஸ்ட் மேயர் 1942இல் உயிரினங்களுக்கு வகுத்த வரையறையும் இதுவே: தமக்குள் இனப்பெருக்கம் செய்துகொள்ளும் கூட்டம் ஓரினம். குருவுக்கு இந்த வரையறை ஓர் ஆயுதம். பறையருக்கும் பிராமணருக்கும் பிறக்கும் பிள்ளை பிள்ளைதான் என்றால், அவர்கள் இரண்டு சாதி என்று சொல்ல உடலிலிருந்து எந்த ஆதாரத்தையும் காட்ட முடியாது. கோயில் தெருவில் நடக்கக் கூடாது என்று விலக்கப்பட்டவர்களுக்காக எழுதப்பட்ட வாதம் அது. அந்த வேலைக்கு அதைவிட நல்ல கருவி இல்லை.

ஆண்ட்ராய்டை இதன் முன் நிறுத்தினால் தீர்ப்பு ஒரே வரி. கூடாது, பெறாது, ஆகவே இனமில்லை. சாபெக் இதை முன்பே யோசித்திருக்கிறார். அவருடைய ரோபோக்கள் தகரத்தால் ஆனவை அல்ல, செயற்கைச் சதையால் ஆனவை. மனித குலத்தை அழித்த பிறகு தங்களைப் பெருக்கிக்கொள்ளத் தெரியாமல் நிற்கின்றன. நாடகத்தின் முடிவில் பிரைமஸ், ஹெலனா என்ற இருவருக்குள் காதல் வருகிறது. குருவின் அளவுகோலின்படி அந்த இருவரும் மனிதராகிவிடவில்லை. புதிதாக ஓர் இனம் தொடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலான காமிக்ஸ்கள் இந்த இடத்தில் தடுமாறுகின்றன. ஆண்ட்ராய்டு மனிதனா என்று கேட்டுவிட்டு, அது நேசிக்கிறது, அழுகிறது, தியாகம் செய்கிறது என்று பதில் சொல்கின்றன. கேட்டது இனத்தைப் பற்றி, சொன்னது தன்மையைப் பற்றி. பசு கன்றுக்காகக் கதறுவதால் பசு மனிதனாகிவிடாது. மனிதனாகாததால் அதன் கதறல் குறைந்துவிடாது.

இரண்டாவது அளவுகோல் 1897இல் இயற்றப்பட்ட 'ஆத்மோபதேச சதகம்' என்ற நூறு பாடல்களில் இருக்கிறது. பத்தாம் பாடலில் ஒரு சின்ன நாடகம் நடக்கிறது. இருட்டில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அங்கே இருப்பது யார் என்று மற்றவர் கேட்கிறார். கேட்கப்பட்டவரும், கேட்பவர் யார் என்று திருப்பிக் கேட்கிறார். இருவருக்கும் விடை ஒன்றுதான். பெர்ன்ஹில்லில் மாலையில் மூடுபனி இறங்கி, கூடவே கரண்டும் போய்விட்டால், யாரது என்று கேட்பதற்கு வேதாந்தம் தேவையில்லை. கதவுக்கு வெளியிலிருந்து வருகிற பதிலும் எப்போதும் 'நான்தான்' என்பதே. தகவல் என்று பார்த்தால் அந்தப் பதிலில் ஒன்றுமில்லை. ஊரில் எல்லோரும் நான்தான். ஆனாலும் யாரும் அதைப் பதிலில்லை என்று சொல்வதில்லை.

கணிதவியலாளர் ஆலன் டூரிங் 1950இல் எழுதிய கட்டுரையிலும் இதே போன்ற ஓர் இருட்டு உண்டு. கேள்வி கேட்பவர் ஓர் அறையில், பதில் சொல்பவர்கள் வேறு அறையில். முகமும் குரலும் தெரியக் கூடாதென்று தட்டச்சு செய்த தாள் வழியாக மட்டும் பேச்சு. மனிதர் யார், இயந்திரம் எது என்று கேட்பவரால் பிரிக்க முடியாவிட்டால் இயந்திரம் தேறிவிட்டது. இரண்டு இருட்டுகளுக்கும் இடையில் உள்ள வேறுபாடு கவனிக்கத்தக்கது. டூரிங்கின் ஆட்டத்தில் கேள்விகள் பல. பதில்களில் வேறுபாடு தேடப்படுகிறது. குருவின் இருட்டில் கேள்வி ஒன்றே. இருவரும் ஒரே சொல்லைச் சொன்ன கணத்தில் விசாரணை தொடங்குகிறது. டூரிங்கிடம் கேட்பவரை யாரும் சோதிப்பதில்லை. குருவிடம் முதலில் கேட்டவரே அடுத்த வரியில் பதில் சொல்ல வேண்டியவராகிறார்.

அப்படியானால் இருட்டிலிருந்து நான் என்று சொல்கிற ஆர்ச்சியை என்ன செய்வது? தம்பட்டம் அடிப்பவன் நான் என்ற சொல்லை மற்ற எவரையும்விட அதிகமாகவே சொல்கிறான். இங்கே வேதாந்தம் பலர் எதிர்பார்ப்பதற்கு மாறான பதிலைத் தருகிறது. மேற்கில் தெகார்த்தே 1637இல், மனித உருவில் ஓர் இயந்திரம் செய்தால் அதை எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்று எழுதினார். அது பேச்சுக்குப் பொருத்தமாகப் பதில் பேச்சு அமைக்க முடியாமல் திணறும் என்பது அவர் சொன்ன முதல் அடையாளம். அவர் எல்லைச்சுவரைப் பேச்சிலும் சிந்தனையிலும் கட்டினார். கணினி பேசத் தொடங்கிய நாளில் அந்தச் சுவர் ஆடியது. அத்வைதம் சுவரை அங்கே கட்டவே இல்லை. மனம், புத்தி, அகங்காரம் எல்லாம் ஜடம், நுட்பமான ஜடம் என்பது அதன் அடிப்படைப் பாடம். சிந்திப்பதும் கணக்குப் போடுவதும் ஜடத்தின் வேலை. நான் என்று சொல்லிக்கொள்வதும்கூட அப்படித்தான். இதற்கு 'திருக் திருஶ்ய விவேகம்' தரும் உவமை இரும்புக் குண்டு. பழுக்கக் காய்ந்த குண்டைத் தொட்டவன் இரும்பு சுட்டது என்பான், சுட்டது தீ. குண்டின் வடிவம் தீக்கும் வந்துவிட்டது போலவும், தீயின் சூடு குண்டுக்கே உரியது போலவும் தோன்றும். அகங்காரமும் அறிவொளியும் அப்படி ஒட்டிக் கிடக்கின்றன. ஆர்ச்சியின் மூளை எவ்வளவு நன்றாகச் சிந்தித்தாலும் வேதாந்திக்கு அதில் அதிர்ச்சி இல்லை. மனித மூளையின் கதையும் அதுவே என்பான். அவன் கேட்பது குண்டு காய்ந்திருக்கிறதா என்று மட்டும்தான். வெளியிலிருந்து தொட்டுப் பார்க்க முடியாத சூடு அது.

சைவ சித்தாந்தம் இதே கேள்வியை வழக்கறிஞர் போல அடுக்குகிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் எழுதிய 'சிவஞானபோத'த்தில் 12 சூத்திரங்கள். மூன்றாவது சூத்திரம் உடலுக்கு வைக்கும் பெயர் மாயையால் ஆன இயந்திரம். இயந்திரம் என்ற சொல்லையே வைத்திருக்கிறார். ஆகவே அங்கே வழக்கு இயந்திரத்துக்கும் மனிதனுக்கும் நடுவில் இல்லை. எல்லோருக்கும் இருப்பது இயந்திர உடல். அதற்குள் வேறொருவர் உண்டா என்பதே விவாதம். அவர் காட்டும் காரணங்களைக் காமிக்ஸ் வாசகர் ஒருவர் படித்தால் தெரிந்த முகங்கள் தென்படும். உடல் நானில்லை, புலன் நானில்லை என்று ஒவ்வொன்றாக இல்லை இல்லை என்று தள்ளுகிற ஒருவர் மிஞ்சுகிறார். என் உடல் என்று சொல்பவர் உடலுக்கு வேறாகத்தான் இருக்க வேண்டும். எஃகுக் கையை என் கை என்று சொல்லும் கிராண்டல் இந்த இடத்தில் நிற்கிறான். கண் பார்த்ததையும் காது கேட்டதையும் ஒன்றாக்கி அறிபவர் ஒருவர் வேண்டும். பிறகு வருகிறது உணர்த்த உணர்வது என்ற காரணம். உயிர் தானாக அறிவதில்லை, அறிவித்தால் அறிகிறது. ஆகவே அது உடலும் இல்லை, இறைவனும் இல்லை. மெய்கண்டாரைப் பொறுத்தவரை கற்பிக்கப்பட்டுக் கற்றுக்கொள்வது உயிரின் குறைபாடு, அதுவே அடையாளமும்கூட. பயிற்சித் தரவைப் பற்றி ஓயாமல் பேசும் இக்காலத்துக்கு இது நகைப்பான பொருத்தம்: கற்றுக்கொள்கிறது என்பதை இயந்திரத்துக்கான ஆதாரமாக நாம் காட்ட, அவர் அதை உயிருக்கான ஆதாரமாக எழுதி வைத்திருக்கிறார்.

உள்ளே வேறு யாரும் இல்லை என்ற கட்சியும் தமிழில் பழையதே. 'மணிமேகலை'யில் வஞ்சி நகரத்துச் சமயவாதிகளில் ஒருவன் பூதவாதி. ஆத்திப்பூவும் வெல்லக்கட்டியும் சேர்த்தால் கள்ளில் மயக்கம் பிறப்பது போல, பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கிறது என்கிறான். எதிலும் தனியாக இல்லாத ஒன்று கூட்டில் வந்துவிடுகிறது. கண்ணுக்கு நேரே தெரிவதை மட்டும்தான் ஏற்பேன் என்பதும் அவன் கொள்கை. ஆண்ட்ராய்டுக்கு வக்காலத்து வாங்க இவனைவிடச் சிறந்த வக்கீல் இல்லை. போதிய அளவு சிக்கலான பொருள் சேர்ந்தால் உணர்வு தானே வரும் என்ற இக்கால வாதத்தின் முழு வடிவமும் அவனிடம் இருக்கிறது. மணிமேகலை அவனிடம் கேட்பது ஒன்றே: உன் தாய் தந்தை இவர்தான் என்பதை அனுமானத்தால் அன்றி வேறு எப்படி அறிந்தாய்? கேள்வி பிறப்பைப் பற்றியது என்றாலும் அதன் வீச்சு பெரிது. எதிரில் இருப்பவருக்கு உள்ளே உணர்வு உண்டு என்பதையும் யாரும் நேரே கண்டதில்லை, ஊகித்ததே. இதைக் கேட்ட நேரத்தில் மணிமேகலை தன் சொந்த உருவில் இல்லை. மந்திரத்தால் ஆண் துறவி வேடத்தில் இருந்தாள். பூதவாதியின் கண்ணுக்கு நேரே தெரிந்தது ஒரு பொய்.

உயிர்களைப் புலனறிவின் கணக்கில் வகுத்த தொல்காப்பியமும் வாசலைச் சாத்திவிடவில்லை. தொடுவுணர்வு மட்டும் உடைய புல்லும் மரமும் ஓரறிவு. மனம் சேர்ந்த மக்கள் ஆறறிவு. மக்கள் என்று சொன்னதோடு நிற்காமல் அந்தக் கிளையில் பிறவும் உண்டு என்று மரபியல் இடம் விட்டு வைக்கிறது. சுஜாதா 'என் இனிய இயந்திரா'வில் நுழைந்தது இந்த இடத்தில். தமிழ்ப் புனைவின் மிகச் சிறந்த இயந்திர மனிதன், சொல்லப்போனால், மனித உருவிலேயே இல்லை. ஜீனோ ஒரு நாய். ஓரறிவுகூட இல்லாத பொருள் ஐந்தறிவின் தோலைப் போர்த்திக்கொண்டு ஆறறிவோடு பேசுகிறது, புத்தகம் படிக்கிறது, நக்கலடிக்கிறது. அந்தக் கதையின் நாட்டில் மனிதர்களுக்குப் பெயர் இரண்டு எழுத்துக்கு மேல் கூடாது. எத்தனை வயதுவரை வாழலாம் என்பதை அரசு முடிவு செய்கிறது. ஆளை எண்ணாகச் சுருக்கிய ஊரில் ஆர்வமும் குறும்பும் பொம்மை நாயிடம் மிஞ்சியிருக்கின்றன. ஜீனோவை மனித உருவில் வைத்திருந்தால் கதை பாதி கெட்டிருக்கும். நாய் என்பதால் மனிதனா இல்லையா என்ற வழக்கே எழவில்லை. அதன் தன்மையை மட்டும் பார்க்க முடிந்தது.

தெசுகாவின் ஆட்டம் கதையின் தொடக்கம் இதே பாடத்தை வேதனையாகச் சொல்கிறது. டாக்டர் தென்மாவின் மகன் டொபியோ வாகன விபத்தில் இறக்கிறான். தந்தை அவன் அச்சாக ஓர் இயந்திரம் செய்கிறார். முகம், தலைமுடி, குரல் எல்லாம் அவனே. சில காலம் கழித்துக் குறை தெரிகிறது: பையன் வளரவில்லை. தென்மா அவனைச் சர்க்கஸ்காரனுக்கு விற்றுவிடுகிறார். உறுப்பு ஒத்திருந்தது, தந்தைக்கு அது போதவில்லை. ஆனால் அந்த முதல் அத்தியாயத்தில் மனிதத்தன்மை குறைவாக இருந்தவர் யார் என்று கேட்டால் சிறுவர்கள்கூட விரலைச் சரியாக நீட்டுவார்கள். நாராயண குருவின் 'அனுகம்பா தசகம்' பத்துப் பாடல்களும் அருளைப் பற்றியவை. அருள் இல்லாவிட்டால் ஆள் என்பது எலும்பும் தோலும் நாறும் உடம்புமே என்று அதில் வருகிறது. அன்பில்லாத உடலைத் தோல் போர்த்திய எலும்பாகக் கண்ட குறளின் எதிரொலி அதில் கேட்பது தற்செயலாக இருக்க முடியாது. குரு தமிழில் பதிகங்கள் பாடியவர், குறளின் சில அதிகாரங்களை மலையாளமாக்கியவர். இந்த மூன்றாவது அளவுகோல் இனத்தையும் கேட்பதில்லை, உள்ளே ஒளி உண்டா என்றும் கேட்பதில்லை. நடத்தையைப் பார்க்கிறது. ஆட்டம் இதில் தேறுவான், தென்மா தேறமாட்டார். அதனால் ஆட்டம் மனிதனாகவில்லை. தென்மா மனிதராக இருந்தது அவருக்கு உதவவில்லை.

மெய்கண்டாரின் காரணங்களில் ஒன்று தூக்கத்தைப் பற்றியது. உறக்கத்தில் மூச்சு ஓடுகிறது, உண்பதும் செயலும் இல்லை. ஆகவே மூச்சே உயிர் என்று சொல்ல முடியாது. அத்வைதிகள் இதை மறுபக்கத்திலிருந்து பிடிக்கிறார்கள். கனவில்லாமல் உறங்கி எழுந்தவர், நன்றாகத் தூங்கினேன், ஒன்றும் தெரியவில்லை என்கிறார். ஒன்றும் தெரியாத நேரத்தில் நன்றாக இருந்தது என்று சொல்ல யார் அங்கே இருந்தார்? இயந்திரத்தின் சுவிட்சை அணைத்து எட்டு மணி நேரம் கழித்துப் போட்டால் அதன் கடிகாரம் எட்டு மணி நேரம் பதிவில்லை என்று காட்டும். பதிவில்லை என்பதும் ஒன்றும் தெரியவில்லை என்பதும் ஒரே வாக்கியமா என்பதில்தான் வேதாந்திக்கும் பூதவாதிக்கும் இன்றுவரை சண்டை.

படக்கதை இந்தச் சண்டைக்குத் தன் வடிவிலேயே ஓர் இடம் வைத்திருக்கிறது. ஒரு கட்டத்தில் ஆண்ட்ராய்டின் கண் விளக்கு அணைகிறது; அடுத்த கட்டத்தில் எரிகிறது. நடுவில் அரை அங்குலத்துக்கும் குறைவான வெள்ளைத் தாள். தூங்கி எழும் மனிதனை வரைந்தாலும் அதே இரண்டு கட்டங்கள்தான், அதே வெள்ளை இடைவெளிதான். ஓவியர் அதற்குள் எதையும் வரைவதில்லை. படிப்பவர் முதல் வகையில் அதை வெறுமையாகவும் இரண்டாவது வகையில் இரவாகவும் படித்துக்கொள்கிறார்.